உன் படிகத்தை உடைத்துவிட்டேன்

அன்புள்ள கலா,

உன் மெயிலுக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உமா சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், பெங்களூரில் தினமும் சாயங்காலம் மழை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் படிகத்தை உடைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான் உடைத்தேன்.

கோபப்படாமல் முழுக்கப் படி. டிஎம்எஃப் என்ற கரைப்பானில் போட்ட கரைசலை டிகிரி டிகிரியாக 80 வரை சூடேற்றி, தூக்கம் கெட்டு, சோலார் செல்லுக்கான நம் பெரோவ்ஸ்கைட் வகைப் பொருளான மெத்திலமோனியம் லெட் புரோமைடை அத்தனை சதுரமாக நீ வளர்த்தது எனக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி மின்னுகிற அந்த முகத்தை எக்ஸ்பிஎஸ்-ஸில், அதாவது எக்ஸ்ரே அடித்து மேற்பரப்பில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் கருவியில், வைத்துப் பார்த்தால் முதலில் தெரிந்தது கார்பனும் ஆக்சிஜனும்தான். இந்தச் சேர்மத்தில் ஆக்சிஜன் ஏதடி? எல்லாம் காற்றிலிருந்தும் கரைசலிலிருந்தும் வந்து ஒட்டியது. இந்தக் கருவி பார்ப்பதே மேலே உள்ள சில நானோமீட்டரைத்தான், அதில் பாதி அழுக்கு என்றால் நாம் எதை அளக்கிறோம்?

சிலிக்கானில் சோலார் செல் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கி எடுத்தால் ஆக்சைடு கழன்றுவிடும், மேலே ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பாதுகாக்கும். சிஐஜிஎஸ் (காப்பர், இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த சோலார் செல் பொருள்) ஆட்கள் பொட்டாசியம் சயனைடில் கழுவி காப்பர் செலினைடை எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு சோலார் செல் பொருளான காட்மியம் டெலுரைடுக்கு புரோமின் கலந்த மெத்தனால், ஆனால் அது மேலே டெலுரியம் மிகுந்த ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். நம் பெரோவ்ஸ்கைட்டுக்கு இதில் எதுவும் ஆகாது. தண்ணீர் பட்டால் சிதையும். நன்றாகச் சூடேற்றினால் மெத்திலமோனியம் ஓடிவிடும். ஆர்கான் அயனியால் அடித்துச் சுத்தம் செய்யலாமே என்பாய், அடித்தால் இலேசானதெல்லாம் முதலில் கிளம்பிப் போய் வெறும் ஈயம் உலோகமாக மிஞ்சும். சுத்தம் செய்வதே பொருளைக் கெடுத்துவிடுகிறது.

மீதி இருக்கும் வழி, வெற்றிடத்துக்குள்ளேயே உடைப்பது. படிகத்தைத் தட்டில் சில்வர் எபாக்ஸியால் ஒட்டி, தலையில் ஒரு சின்னத் தூணையும் ஒட்டி, முன்னறை வழியாக உள்ளே தள்ளினோம். சேம்பர் சுவரில் ஒட்டிய ஈரத்தை விரட்ட அதை 150 டிகிரியில் பேக் செய்ததெல்லாம் முன்பே முடிந்துவிட்டது, அந்தச் சூட்டில் உன் படிகத்தை வைக்கவே முடியாது. உள்ளே அழுத்தம் 10 இன் மைனஸ் 10 அடுக்கு மில்லிபார். அடுக்கு மைனஸ் 6 என்றால், மிச்சமிருக்கும் வாயுவில் மோதுகிற ஒவ்வொரு மூலக்கூறும் ஒட்டினால் ஓரிரு நொடியில் மேற்பரப்பு மூடிவிடும், இங்கே மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்காகத்தான் இத்தனை பம்பும். வெளியிலிருந்து நகர்த்தும் நீளக் கம்பியால் தூணைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன். மேல்பாதியோடு தூண் விழுந்தது. சத்தம் கேட்கவில்லை, கம்பி வழியாகக் கையில் தெரிந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பரப்பு ஒரே தளமாக ஒளியைத் திருப்பியது, குறுக்கே முடி போல மெல்லிய படிக்கோடுகள், ஒரு மூலை மட்டும் சிப்பி ஓடு மாதிரி வளைந்து உடைந்திருந்தது. அளந்தோம். வரைபடத்தில் ஆக்சிஜனுக்கான மேடு (பீக்) காணோம்! நைட்ரஜன் பளிச்சென்று நிற்கிறது, ஈயம் ஒன்றுக்கு புரோமின் கிட்டத்தட்ட மூன்று. அன்று ராத்திரி சாப்பிடவே மறந்துவிட்டேன்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஒரே இடத்தில் எக்ஸ்ரே விழுந்துகொண்டே இருந்தால் ஈய பீக்கின் பக்கத்தில் உலோக ஈயத்தின் சின்ன மேடு வளர ஆரம்பிக்கிறது. பார்ப்பதே அதைக் கெடுக்கிறது. அதனால் இடத்தை மாற்றி மாற்றி வேகமாக எடுக்கிறோம். குளிர்வித்தால் தாங்கும், ஆனால் 237 கெல்வினுக்குக் கீழே அது அறைச் சூட்டில் இருக்கும் கனசதுர அமைப்பே இல்லை. 2015-ல் ஒகினாவாவில் இதே புரோமைடை உடைத்து அணு அணுவாகப் படம் எடுத்தார்களே, அதுவும் கடுங்குளிரில், வேறு படிக அமைப்பில்தான்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. நான் பாடுபட்டுத் திறந்து பார்க்கும் இந்த முகம் எந்தக் கூரையில் இருக்கும் சோலார் செல்லிலும் கிடையாது. அங்கே இருப்பது குட்டிக் குட்டித் துகள்கள் சேர்ந்த படலம், காற்றும் ஈரமும் பட்டது, மேலும் கீழும் வேறு அடுக்குகள். 2009-ல் ஜப்பானில் மியாசகா குழு பெரோவ்ஸ்கைட் செல்லை ஆரம்பித்தபோது, விழும் ஒளியில் மின்சாரமானது 3.8 சதவீதம், இன்று 26-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு மேற்பரப்பில் எலக்ட்ரான் சிக்கி வீணாவதைத் தடுத்ததால் வந்தது. ஆனால் சிக்குவது எங்கே, பொருளிலா, மேலே ஒட்டிய அழுக்கிலா என்று பிரித்துச் சொல்லத் தொடக்கப்புள்ளி ஒன்று வேண்டாமா? உடைத்த முகம்தான் எனக்கு அந்தத் தொடக்கப்புள்ளி. அதன் மேல் நீராவியை அளந்து அளந்து விட்டு, எந்த அளவில் என்ன மாறுகிறது என்று பார்க்கப் போகிறேன். மேற்பரப்பை எப்படித் தயார் செய்தோம் என்று ஒரு வரிகூட எழுதாத கட்டுரைகளை இனி நான் நம்பப் போவதில்லை. உனக்கும் அதையே சொல்கிறேன்.

இப்போது வேண்டுகோள். இன்னும் படிகம் வேண்டும், தடிமனாக, ஐந்து மில்லிமீட்டராவது. பாலிஷ் போடாதே, தயவுசெய்து! கரைசலைத் துடைத்துவிட்டு உலர்ந்த நைட்ரஜனில் வை. அப்புறம் உருக்கி மெதுவாகக் குளிர்வித்துப் படிகம் வளர்க்கும் உன் பிரிட்ஜ்மன் உலையில் சீசியம் லெட் புரோமைடு முயன்று பார்ப்பாயா? அதில் ஓடிப்போக மெத்திலமோனியம் இல்லை, சூட்டையும் தாங்கும். உருகுவது 567 டிகிரியில். சூட்டை இறக்கும்போது 130-லும் 88-லும் படிக அமைப்பு மாறும், அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஆமை வேகத்தில் போ, இல்லையென்றால் உள்ளே இரட்டைப் படிகமாகிவிடும். இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய இயந்திரம்) அளக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் பெயரையும் போடுகிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. உமா தீபாவளி முடிந்து திரும்பும்போது படிகங்களை அவளிடமே கொடுத்துவிடு, கூரியர் வேண்டாம்.

அன்புடன்,
சாந்தி