மேப் செயலிகளை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலை எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றால் தெருமுனை வரைக்கும் வண்டிகள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் தெருவில் இருக்கும் யாரையும் தேடி வந்ததில்லை. மெயின் ரோட்டில் நெரிசல், இப்படித் திரும்பினால் மூன்று நிமிடம் மிச்சம் என்று உங்கள் செயலி சொல்லியிருக்கிறது, அவர்களும் நம்பித் திரும்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவசரத்தில் நானும் அந்த நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத தெருக்களில் நுழைந்திருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடக்க நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு கார் கொஞ்சம் மெதுவானது, சரி, வழி விடுகிறார்கள் என்று அவர் ஒரு காலை எடுத்து வைத்தார், ஆனால் ஓட்டியவரின் கண் போனில், அடுத்த திருப்பம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. பெரியவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கடைசியில் வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

வண்டிகளில் இருக்கும் போன்கள் சொல்லும் இடத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் எது சீக்கிரம் என்று கணக்குப் போடுகிறீர்கள். அதில் ஓட்டுபவரின் நிமிடம் இருக்கிறது, கடக்க நிற்பவரின் நிமிடம் இல்லை. காலியான தெரு என்றால் உங்களுக்குச் சும்மா கிடக்கும் சாலை. அது காலியாக இருப்பதால்தான் அங்கே பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் லியோனியா என்ற சின்ன ஊர், 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. அதே ஆண்டில் நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. பொதுச் சாலையை மூடக்கூடாதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எதையும் மூட வேண்டியதில்லையே, அந்த வழியைக் காட்டாமல் இருந்தால் போதும். எது குடியிருப்புத் தெரு என்பது வரைபடத் தரவிலேயே இருக்கிறது, பலரும் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்கென்று தனி வகையே உண்டு. புறப்படும் இடமோ சேரும் இடமோ அந்தப் பகுதியில் இல்லையென்றால், இரண்டு மூன்று நிமிட மிச்சத்துக்காக அங்கே யாரையும் அனுப்பாதீர்கள். மெயின் ரோடு முழுவதுமாக அடைபட்டால் அது வேறு விஷயம்.

அப்புறம், புகார்களைப் படிக்க ஒரு ஆளை வையுங்கள். நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது. அதனால்தான் ஐந்தாவது மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.