பத்து மணிக்கு முன்பும் சட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிழாக் காலம் நெருங்கினால், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற காவல்துறையின் எச்சரிக்கை நாளிதழ்களில் வெளிவருவது வழக்கம். அந்த எச்சரிக்கை தேவையானதுதான். ஆனால் அது சட்டத்தின் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறது. சொல்லாமல் விடப்படும் மறுபாதிதான், ஒலிபெருக்கியின் பெயரால் ஊருக்குள் நடக்கும் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம் என்பதை, நீண்ட காலமாக ஒலி, ஒளி அமைப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகளே இப்பொருளில் அடிப்படையானவை. ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் என்ற அலகில், அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும், வணிகப் பகுதியில் முறையே 65, 55 டெசிபலும், தொழிற்பகுதியில் 75, 70 டெசிபலும், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் 50, 40 டெசிபலும் சுற்றுப்புற ஒலியின் வரம்பாகும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் என்று கணக்கு. ஒலிபெருக்கி வைக்கப்படும் பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால், அந்தப் பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆகவே குடியிருப்புத் தெருவில் நடக்கும் எந்த விழாவாக இருந்தாலும், பட்டப்பகலில்கூட, பந்தலின் எல்லையில் 65 டெசிபல்தான் உச்சம். வீட்டு மாடியிலோ வாசலிலோ சொந்தமாகப் பாட்டுப் போடுபவருக்கு அதுவும் இல்லை. அவருடைய மனையின் எல்லையில் 60 டெசிபலோடு நின்றுவிட வேண்டும்.

65 டெசிபல் என்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். ஒரு மீட்டர் தொலைவில் எதிரெதிரே நின்று இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். நாங்கள் வாடகைக்கு அனுப்பும் நடுத்தர பாக்ஸ், அதாவது பெட்டி வடிவ ஸ்பீக்கர், ஒன்று, ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபலைச் சிரமமில்லாமல் எட்டிவிடும். திறந்த வெளியில் தொலைவு பத்து மடங்கானால் ஒலி 20 டெசிபல் குறையும் என்பது இத்தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. அதன்படி 10 மீட்டரில் 90, 100 மீட்டரில் 70. இரண்டு பக்கமும் சுவர் நிற்கும் தெருவில் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. அதாவது, ஒரே ஒரு பாக்ஸை முழு வேகத்தில் விட்டால், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுத் திண்ணையிலும் சட்டம் மீறப்பட்டுக்கொண்டிருக்கும். நடைமுறையில் பந்தலின் இரு பக்கமும் நான்கு நான்காக அடுக்கித்தான் கேட்கிறார்கள்.

இத்தனை தெளிவான பகல் வரம்பு இருக்கும்போது ஏன் பத்து மணி மட்டும் பேசப்படுகிறது என்பதற்கும் விதியிலேயே விடை இருக்கிறது. இரவு நேரத் தடையை மீறினால் அதை வைத்தே பொதுமக்கள் புகார் அளிக்கலாம். பகலிலோ, ஒலி வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கும் மேல் கூடியிருந்தால்தான் புகாருக்கு இடமுண்டு. முதலாவதை நிரூபிக்கக் கைக்கடிகாரம் போதும். இரண்டாவதை நிரூபிக்க, டெசிபலை அளந்து காட்டும் ஒலிமானி வேண்டும். புகார் கொடுப்பவரிடமும் அது இல்லை, புகாரை வாங்கும் காவல் நிலையத்திலும் அது இருப்பதாக நான் கண்டதில்லை. எனவே மாலை ஐந்து மணிக்குப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் போய் நின்றால், "பத்து மணி வரைக்கும் பர்மிஷன் இருக்குங்க" என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பத்து மணி வரை ஒலிபெருக்கி வைக்க அனுமதி உண்டு என்பது சரி. பத்து மணி வரை எவ்வளவு சத்தமும் வைக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அனுமதிக் கடிதமே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி கூறுவதால், விழாக் குழுவினர் மனு எழுதி, காவல் நிலையத்தில் முத்திரை வாங்கி, அதன் நகலை எங்களிடம் தருகிறார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்த அனுமதிகளில் நாள், நேரம், இடம் இருக்கும். "பொதுமக்களுக்கு இடையூறு இல்லாமல்", "அதிக சத்தம் இல்லாமல்" என்ற சொற்றொடர்களும் தவறாமல் இருக்கும். எத்தனை டெசிபல், எந்த இடத்தில் நின்று அளப்பது, ஸ்பீக்கர்களின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அதிக சத்தம் என்றால் எவ்வளவு என்று விழா நடத்துபவர் ஒன்று நினைக்கிறார், அடுத்த வீட்டுக்காரர் ஒன்று நினைக்கிறார், ரோந்து வரும் காவலர் அன்றைய சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் பையனோ, யார் கடைசியாக வந்து அதட்டினார்களோ அவர்கள் சொன்னபடி குமிழைத் திருப்புகிறான்.

காதுகுத்து விழா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே பக்திப் பாடலோடு செட் ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஆறு மணிக்கு முன்னால் போடக் கூடாது என்று நாங்கள் சொன்னால், வாடகையைக் குறைப்பார்கள் அல்லது அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். தாய்மாமன் சீர் வரும்போது சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டால்தான் மரியாதை என்று வெளிப்படையாகவே சொல்லுவார்கள். பிறகு யாரோ ஒருவர் அவசர எண்ணை அழைக்க, காவலர்கள் வந்து ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அனுமதிக்கு மனு கொடுத்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கட்டளையிட்டவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பார். சாமான் உரிமையாளர் அடுத்த முகூர்த்தத்துக்குள் அதை மீட்க நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார். எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டியதில் எங்கள் தொழிலுக்குப் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. விழா நடத்துபவர் பெயரிலும் பொறுப்பு எழுதப்படாதவரை அடுத்த விழாவில் எதுவும் மாறப்போவதில்லை என்பதே என் வாதம்.

தண்டனை விஷயமும் நடைமுறைக்கு ஒத்துவராத நிலையில் இருக்கிறது. இவ்விதிகளை மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்பு ஐந்தாண்டுச் சிறைவரை விதிக்க இடமிருந்தது. பல சட்டங்களில் சிறைத் தண்டனையை அபராதமாக மாற்றிய ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டத்தால் 2024 ஏப்ரல் முதல் அது மாறி, ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. அந்த அபராதத்தை விதிக்க வேண்டியவர் மத்திய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. மாரியம்மன் கோயில் தெருவில் பாக்ஸ் அலறிய வழக்கு செயலாளர் மேசைவரை போகும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆகவே கையில் எளிதாகக் கிடைப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுத் தொல்லைப் பிரிவு. அதில் உச்ச அபராதமே ரூ.1,000. எங்கள் பக்கம் ஒரு நாள் ஜெனரேட்டர் வாடகைகூட அதற்கு மேல்தான். ரூ.1,000க்கும் ரூ.15 லட்சத்துக்கும் நடுவில், தெருவளவில் நடக்கும் மீறலுக்குப் பொருத்தமாக, தாசில்தாரோ காவல் துணைக் கண்காணிப்பாளரோ விதிக்கத்தக்க ஒரு தொகையை அரசு யோசிக்க வேண்டும்.

இது மத உணர்வு சார்ந்த விஷயம், தொட்டால் சிக்கல் என்று அதிகாரிகள் தயங்குவதை அறிவேன். ஆனால் அந்தத் தயக்கத்துக்கான விடையும் நம் மாநிலத்திலிருந்து போன வழக்கிலேயே கிடைத்துவிட்டது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கி, இசைக்கருவி ஓசை குறித்து அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மார்கழிப் பாடலானாலும், பாங்கு ஒலியானாலும், ஆராதனையானாலும், கட்சிப் பொதுக்கூட்டமானாலும் அளவுகோல் ஒன்றே. 2005 ஜூலையில் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி அமர்வு வழங்கிய விரிவான தீர்ப்பு, ஒலி மாசு இல்லாமல் வாழ்வதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பார்த்தது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியில் யாருக்கும் கேட்காமல் போனதைச் சுட்டிக்காட்டித் தொடுக்கப்பட்ட மனு அது என்பதை, சத்தம் வெறும் எரிச்சல்தானே என்று கேட்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கூம்பு ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கோன் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாய், பேச்சொலியைக் குறுகிய கோணத்தில் வெகுதூரம் தள்ளும். ஊருக்கு வெளியே வயலில் நிற்பவருக்கும் கேட்கும். அதற்குப் பதிலாக வந்த, தாழ்ந்த ஒலியை எழுப்பும் பேஸ் பாக்ஸ்கள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அவற்றின் தாழ்ந்த அதிர்வு சுவரையும் சன்னலையும் தாண்டி உள்ளே வந்து, கட்டிலில் படுத்திருப்பவர் நெஞ்சில் இறங்குகிறது. விதிகள் பயன்படுத்தும் டெசிபல் ஏ என்ற அளவீடு மனிதச் செவியின் உணர்திறனை ஒட்டியது என்பதால் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். எனவே மானியில் எண் அடங்கி நிற்க, பாத்திர அலமாரி அதிர்ந்துகொண்டிருக்கும் நிலையும் உண்டு. குடியிருப்புத் தெருக்களில் பேஸ் பாக்ஸ்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வைப்பதுதான் இதற்கு வழி.

அமைதி மண்டலம் குறித்தும் மக்களிடம் தவறான நம்பிக்கை இருக்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று பலரும் கருதுகிறார்கள். 2017 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி ஓர் இடம் அமைதி மண்டலம் ஆகாது. நம் வட்டாரத்தில் எந்த மருத்துவமனை, எந்தப் பள்ளி அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டினால், எங்களைப் போன்றவர்கள் ஒப்பந்தம் பேசும்போதே அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதேபோல், பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர விதியில் இடமுண்டு. அந்த நாள்கள் எவை என்பதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பட்டியல் ஊரறிய வெளியானால், "எங்கள் ஊர் விழாவுக்கு மட்டும் ஏன் இல்லை" என்ற வாக்குவாதம் காவல் நிலைய வாசலில் நடக்காது.

நான் கேட்பவற்றில் பெரும்பகுதிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. அனுமதி வழங்கும் அதிகாரியின் சுற்றறிக்கை போதும். அனுமதிக் கடிதத்தில் அந்த இடத்துக்குரிய டெசிபல் எண், அளக்கும் இடம், பாக்ஸ்களின் எண்ணிக்கை, விழாப் பொறுப்பாளரின் பெயர், கையெழுத்து ஆகியவை கட்டாயமாக வேண்டும். மீறல் நடந்தால் கருவிக்கு உரியவரோடு அவரும் சேர்த்தே பொறுப்பாக வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கையடக்க ஒலிமானி ஒன்றும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் தரும் ஒரு நாள் பயிற்சியும் கிடைக்க வேண்டும். அளந்த எண்ணை அங்கேயே எழுதி விழாப் பொறுப்பாளர், கருவிக்கு உரியவர் இருவரிடமும் கையெழுத்து வாங்கினால், புகார் கொடுத்த அடுத்த வீட்டுக்காரர் பெயரை வெளியே சொல்ல வேண்டிய அவசியமே எழாது. ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் உறவு முறிவுக்கும் அஞ்சி வாய்மூடி இருப்பவர்களுக்கு அது பெரும் ஆறுதல். எங்கள் தரப்பிலும் செய்யக்கூடியது உண்டு. இன்றைய ஆம்ப்ளிபயர் செட்டுகளோடு வரும் பிராசஸர்களில் ஒலியைக் குறித்த அளவுக்கு மேல் போகாமல் நிறுத்தும் லிமிட்டர் இருக்கிறது. பந்தலில் செட் கட்டி முடித்ததும் காவலர் முன்னிலையில் அதை அளந்து வைத்துப் பூட்டிவிட்டால், யார் வந்து அதட்டினாலும் குமிழ் அதற்கு மேல் ஏறாது. நான்கு பெரிய பாக்ஸ்களை ஒரே இடத்தில் அடுக்குவதைவிட, சிறிய பாக்ஸ்களைப் பந்தலுக்குள் பரவலாக, முகம் உட்புறம் பார்க்கத் தொங்கவிட்டால், வந்தவர்களுக்கு நன்றாகக் கேட்கும். வராதவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.

வரும் திருவிழாக் காலத்துக்கான அனுமதி மனுக்கள் வாங்கத் தொடங்குவதற்கு முன், இந்த மாற்றங்களுடன் கூடிய அனுமதிப் படிவம் ஒன்றைத் தயாரித்து, விழாக் குழுவினர், ஒலிபெருக்கி அமைப்பாளர்கள், குடியிருப்போர் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தி, மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கருத்துக் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலி, ஒளி அமைப்பாளர் ஒருவர்,
மணப்பாறை வட்டம், திருச்சி மாவட்டம்.