கோட்டை நிலையத்தை 22 மில்லிமீற்றர் பாதையோடு கட்டி முடிக்கக் கைகொடுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். கொழும்புக் கோட்டை புகையிரத நிலையத்தை மேடை, கூரை, நடைபாலம், சிக்னல், ரயில்களை நிறுத்திவைக்கும் யாட் எல்லாவற்றோடும் சின்ன அளவில் கட்டி, அதில் அந்தக் கால ரயில்களை அட்டவணைப்படி ஓடவிடும் வேலையில் எங்கள் குழு இறங்கியிருக்கிறது. பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது. எங்கள் கையிலிருந்த காசும் முடிந்துவிட்டது. மீதி வேலைக்கு உங்களிடம்தான் வருகிறோம்.

எந்தக் காலத்துக் கோட்டையைக் கட்டுவது என்று குழுவுக்குள் நிறையப் பேச்சு நடந்தது. இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. இன்று நாம் பார்க்கும் கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. இந்த நீண்ட கதையில் 1970ஐ ஒட்டிய சில ஆண்டுகளைத் தெரிந்தெடுத்தோம். யாழ்ப்பாணப் பக்கம் போகும் யாழ்தேவி ரயில் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அது தொடங்கியது 1956 ஏப்ரலில். பதுளைக்கு உடரட்ட மெனிக்கேயும் பொடி மெனிக்கேயும் போயின. இந்தியக் கரையிலிருந்த தனுஷ்கோடி ரயில் பாதையை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனாலும், தலைமன்னாரில் இறங்கி இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறலாம் என்ற நிலை இருந்தது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் இஞ்சின்கள் ஒன்றாரியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களைப் பக்கத்தில் தாங்கி நெடுந்தூர ரயில்களை இழுத்தன. நீராவி இஞ்சின்களும் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் மலைநாட்டுக்கும் தெற்குக் கரைக்கும் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நடைபாலத்தில் ஏறி இறங்கிய காலம் அது.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓட 2014 ஒக்டோபரும், காங்கேசன்துறை வரை ஓட 2015 ஜனவரியும் ஆயிற்று. கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கோட்டையில் "காங்கேசன்துறை" என்று எழுதிய பலகையோடு ஒரு ரயில் நின்றது என்பதே பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக்க வேண்டும், அந்தக் காலத்தைத் தெரிந்தவர்கள் எங்களோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். இந்த வேலையை நாங்கள் தொடங்கியது இதற்காகத்தான்.

வெளிநாடுகளில் இப்படியான வேலை புதிதல்ல. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டைப் பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் போகிறார்கள். லண்டனில் 1910இல் தொடங்கிய ஒரு மாதிரி ரயில் கழகம், கிங்ஸ் குரொஸ் நிலையத்துக்கு வடக்கேயுள்ள ரயில் பாதைகளையும் தெருக்களையும் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்தபடி கட்டிவருகிறது. அந்த வேலை பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. வீடு வீடாக, புகைக்கூண்டு புகைக்கூண்டாக. அப்படி ஒரு பொறுமை நம் நிலையத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

சரி, செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். அதற்குத் தண்டவாளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு 76.2இல் ஒரு பங்கு. அதாவது உண்மையில் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீற்றர். இங்கிலாந்தில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் அளவு இது. ஆனால் இந்த அளவுக்கென்று கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் சொந்த ரயில் பாதைக்கே அது ஒடுக்கம். கணக்குப் பார்த்தால் 18.83 வர வேண்டும். நம்முடைய பாதையோ அதைவிட அகலம், 5 அடி 6 அங்குலம். 4 மில்லிமீற்றர் அளவில் அது சரியாக 22 மில்லிமீற்றர். கடைத் தண்டவாளத்தைப் போட்டால் நம் பாதையை 4 அடி ஒன்றரை அங்குலத்துக்குச் சுருக்கியதாகிவிடும். மேலே பெட்டி அகலமாக நிற்கும், கீழே சக்கரங்கள் உள்ளே ஒதுங்கிப்போயிருக்கும். கோட்டை மேடையில் நின்று ரயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது நம்முடைய ரயில் இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

கடைத் தண்டவாளத்தோடு சமாளித்துக்கொண்டால் செலவும் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கட்டடத்தை அளந்து அளந்து கட்டிவிட்டு, அதற்கு நடுவே வேறு நாட்டுப் பாதையை ஓடவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

22 மில்லிமீற்றர் தண்டவாளத்தை நாங்களே கையால் செய்கிறோம். சிலிப்பர் கட்டைக்கு, இலத்திரனியல் சுற்றுப் பலகை செய்யும் செம்பு பூசிய பலகையை 36 மில்லிமீற்றர் நீளக் கீற்றுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செம்பை அரத்தால் கீறிப் பிரித்துவிட வேண்டும். ஒரு கட்டையில் மறந்தாலும் இரண்டு தண்டவாளமும் சோட் ஆகி ரயில் நின்றுவிடும். கட்டைகளை 9 மில்லிமீற்றருக்கு ஒன்றாக அடுக்கி, கடைசலில் பிடித்த பித்தளை அளவியை வைத்து, நிக்கல் சில்வர் தண்டவாளத்தை ஈயம் உருக்கி ஒட்டுகிறோம். ஒரு மீற்றர் பாதைக்கு நூறுக்கு மேற்பட்ட கட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஒட்டு. ரயில் தடம் மாறும் பொயின்ற்ஸ் இன்னும் நுணுக்கமான வேலை. அதன் நாக்கை விரல் நீளத்துக்கு அரம் போட்டுக் கத்தி முனைபோல் மெலிய வைக்க வேண்டும். சில்லின் விளிம்பு போக விடும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர்தான். அதில் கொஞ்சம் கூடினாலும் சில்லு விழுந்துவிடும், குறைந்தால் ஏறி நின்றுவிடும். கோட்டையில், அடுத்த நிலையமான மருதானைப் பக்க வாயில் முழுக்கப் பொயின்ற்ஸ்தான், ஒன்றின் வாலில் இன்னொன்றாக.

பாதை மாறினால் சில்லும் மாறும். விற்பனைக்கு வரும் பெட்டிகளின் அச்சைக் கழற்றி நீளமான அச்சுப் போட வேண்டும். கனடா இஞ்சின்களின் உடலை நாங்களே வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கிறோம். மருதானையில் பிரியும் களனிவெளிப் பாதை அந்தக் காலத்தில் இரண்டரை அடிச் சின்னப் பாதை. அது அகலப் பாதையானது 1990களில்தான். எங்கள் அளவில் அதற்கு 10 மில்லிமீற்றர். மருதானையை இந்த முறை கட்டவில்லை, ஏனென்றால் கோட்டைக்கும் மருதானைக்கும் இடையிலுள்ள தூரத்தை அப்படியே சுருக்கினாலே 26 மீற்றர் அளவில் மண்டபம் வேண்டும். ஆனால் களனிவெளி இஞ்சின் ஒன்றையாவது அருகில் காட்சிக்கு வைக்க ஆசை.

இப்போதுள்ள திட்டம் 9 மீற்றர் நீளம். 250 மீற்றர் மேடை ஒன்றை வைத்தால் அதுவே 3 மீற்றர் 28 சென்ரிமீற்றரை எடுத்துக்கொள்ளும் என்பதால் இதற்கு மேல் சுருக்க வழியில்லை. கழற்றி வான் வண்டியில் ஏற்றக்கூடிய துண்டுப் பலகைகளாகச் செய்கிறோம். பின்பக்கத்தில் பார்வையாளருக்குத் தெரியாத ஒரு யாட் இருக்கும். யாழ்தேவியும் பதுளை ரயிலும் மாத்தறை ரயிலும் தங்கள் நேரம் வரும்வரை அங்கே காத்து நிற்கும். தண்டவாளம் முழுவதிலும் ஒரே மின்சாரம்தான் ஓடும். ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் உள்ள சின்ன இலத்திரனியல் கருவிக்குத் தனி இலக்கம் இருப்பதால், அது தனக்கு வந்த கட்டளைக்கு மட்டும் அசையும். இதனால் ஒரே பாதையில் ஓர் இஞ்சின் பெட்டிகளை இணைத்துக்கொண்டிருக்க, இன்னொன்று ஒதுங்கி நிற்கலாம்.

கொழும்பின் காலநிலை எங்களுக்குப் பெரிய சவால். வேலை நடக்கும் வெள்ளவத்தை வீட்டு மேல்மாடியை ஓர் அன்பர் வாடகை இல்லாமல் தந்திருக்கிறார். அவருக்கு எங்கள் நன்றி. அங்கே கடல் காற்று நேரே வரும். மலிவான அமுக்குப் பலகை ஈரத்தில் ஊதிவிடும், இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். ஆகவே கடல்தரப் பிளைவூட், நிக்கல் சில்வர் தண்டவாளம், அறைக்கு ஈரமுறிஞ்சும் இயந்திரம். இவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஒரு மழைக்காலத்தோடு எல்லாம் வளைந்துபோகும்.

இனிக் கணக்கு. இன்னும் 24 இலட்சம் ரூபா தேவை. தண்டவாளம், கட்டைகள், சில்லுகளுக்கு 7 இலட்சம். இஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் 5. மின்சாரக் கட்டுப்பாடு, பொயின்ற்ஸ் மோட்டர்கள், விளக்குகளுக்கு 6. பலகை, ஏற்றியிறக்கும் பெட்டிகளுக்கு 4. ஈரக் கட்டுப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 2. இதுவரை ஆன 16 இலட்சத்தைக் குழு உறுப்பினர்களே போட்டிருக்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. சாப்பாட்டுச் செலவு, பயணச் செலவு எதுவும் இந்தக் காசில் சேராது. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு; மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, காசு தந்தவர்கள் எல்லாருக்கும் வரவு செலவுக் கணக்கை அனுப்புவோம்.

பெரிய தொகைதான் தர வேண்டும் என்றில்லை. 6,500 ரூபாவில் ஒரு மீற்றர் பாதை போட்டுவிடுவோம். 20,000 ரூபா ஒரு பொயின்ற்ஸுக்கும் அதன் மோட்டருக்கும் போதும். குடும்பமாகவோ, பழைய வகுப்புத் தோழர்களாகவோ சேர்ந்து ஒரு பெட்டியை, ஓர் இஞ்சினைப் பொறுப்பெடுக்கலாம். விரும்பினால் உங்கள் பெரியவர் ஒருவரின் பெயரை மாதிரி நிற்கும் துண்டுப் பலகையின் அடியில் எழுதி வைப்போம். மேற்பக்கத்தில் எழுதமாட்டோம், 1970இன் நிலையத்தில் அந்தக் காலத்து எழுத்துகள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். பெயர்ப் பலகைகள் நிலையத்தில் உள்ளது போலச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வருகின்றன. அரை சென்ரிமீற்றருக்கும் குறைந்த உயரத்தில் "கொழும்பு கோட்டை" என்று வாசிக்கக்கூடியதாக அச்சடிக்கப் பல தாள் வீணானது. இப்போது ழுகரத்தின் சுழியும் அடைபடாமல் வருகிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவுகள் பொருளாகவும் உதவலாம். தண்டவாளக் கம்பியும் சில்லுகளும் பாரம் குறைந்தவை, விடுமுறைக்கு வரும்போது பயணப் பையிலேயே கொண்டுவரலாம். ஆனால் வாங்க முதல் தயவுசெய்து எங்களைக் கேளுங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் ஆயத்தத் தண்டவாளம் எங்களுக்குப் பயன்படாது.

காசுக்குச் சமமாக எங்களுக்குத் தேவைப்படுவது பழைய படங்கள். நிலையம் இன்றும் நிற்கிறது, அளக்கக்கூடியதை அளந்துவிட்டோம். ஆனால் 1970இல் மேடையில் என்ன கடை இருந்தது, வாங்கு எங்கே போட்டிருந்தது, விளக்கு எப்படித் தொங்கியது என்பதெல்லாம் உங்கள் அல்பங்களில்தான் இருக்கிறது. ரயிலேற்ற வந்தவர்கள் எடுத்த படம், புதுமாப்பிள்ளை பெண்ணோடு ஊருக்குப் புறப்பட்ட படம், லண்டனுக்குப் போகும் அண்ணன் கடைசியாக அப்பு ஆச்சியைப் பார்க்க யாழ்ப்பாணம் போன படம் எதுவானாலும் நல்லது. நாங்கள் பார்ப்பது ஆட்களின் தோளுக்குப் பின்னால். ஒரு குடும்பம் தந்த படத்தில் சின்னப் பிள்ளை ஒன்று பொம்மையோடு நிற்கிறது. அதன் பின்னால் கூரைத் தூண் அடியிலிருந்து நுனி வரை தெளிவாக விழுந்திருந்தது, தூணோடு இறங்கும் மழைநீர்க் குழாய் உட்பட. அந்தக் குழாயைப் பற்றி அதுவரை ஒருவருக்கும் ஞாபகமே இல்லை. படத்தின் ஓரத்தில் தண்டவாளம் கொஞ்சம் தெரிந்தாலும் எங்களுக்குப் பெரிய வாய்ப்பு, ஏனென்றால் இரண்டு கம்பிக்கும் இடையே 5 அடி 6 அங்குலம் என்பது நிச்சயம். அதை வைத்துப் பக்கத்திலுள்ள தூணையும் மேடையின் உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம். அகலத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர்கள், கார்டுகள், சாரதிகள், தெமட்டகொடை, இரத்மலானை ரயில் வேலைத்தலங்களில் வேலை பார்த்த தொழிலாளர்கள் யாரேனும் இந்த வேண்டுகோளை வாசித்தால், ஒரு நாள் வந்து எங்களோடு இருந்து கதையுங்கள். எந்த ரயில் எந்த மேடைக்கு வந்தது, இஞ்சின் எங்கே கழன்று எப்படிச் சுற்றி வந்தது என்பது எந்தப் படத்திலும் கிடைக்காது. வயதானவர்களை வீட்டுக்கே வந்து கூட்டிப்போவோம், வர முடியாதவர்களிடம் நாங்கள் வருவோம்.

கட்டி முடிந்ததும் கொழும்புப் பாடசாலை மண்டபங்களில் வைக்க நினைத்திருக்கிறோம். பிறகு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். ஒருவர் சிக்னல் கொடுப்பார், ஒருவர் பொயின்ற்ஸ் மாற்றுவார், இன்னொருவர் யாழ்தேவியை மேடையிலிருந்து எடுப்பார். வேலையில் சேர விரும்பும் மாணவர்களையும் வரவேற்கிறோம். ஈயம் ஒட்டவும் சுற்றுப் போடவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது.

நன்கொடைகளைக் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடலாம். இலக்கம் இதோடு இணைத்த படிவத்தில் இருக்கிறது. காசோலையானால் குழுவின் பெயருக்கே எழுதுங்கள், தனி ஆள் பெயருக்கு வேண்டாம். நேரில் தர விரும்புபவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேலை நடக்கும் நேரத்தில் வந்து, முடிந்த பகுதியையும் பார்த்துவிட்டுப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். படம் கொண்டுவருபவர்கள் பின்பக்கத்தில் ஆண்டும், ஞாபகம் இருந்தால் எந்த ரயில் என்பதும் பென்சிலால் எழுதித் தாருங்கள். உங்கள் முன்னாலேயே ஸ்கான் செய்து, படத்தை அப்போதே கையில் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கோட்டை நிலைய மாதிரி அமைக்கும் குழுவினர்
கொழும்பு