இலிசோஸ் கரைக்கு இரண்டு கல்

ஏதென்ஸ் மாநகராட்சி மன்றத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஊர் ஆற்றை ஏட்டில் மட்டுமே அறிந்தவன் எழுதுகிறேன்.

இமிட்டோஸ் மலையில் பிறந்து, பழைய மதிலுக்கு வெளியே தென்புறமாக ஓடியது இலிசோஸ். ஆறு என்பதே மரியாதைக்குத்தான். கோடையில் நூலாக மெலிந்துவிடும். ஆனாலும் பிளேட்டோவின் 'பைத்ரோஸ்' உரையாடல் அதன் கரையில்தான் நடக்கிறது. வெறுங்காலோடு ஓடைக்குள் நடந்துவரும் சாக்ரடீஸ், ஓங்கிய பிளேன் மரத்தடியில் தண்ணீரின் குளிர்ச்சியைப் பாதத்தாலேயே சோதித்துச் சொல்கிறார். சிள்வண்டுகள் இரைகின்றன. அங்கே பூத்து மணக்கும் செடி எங்கள் நொச்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வாடைக்காற்றின் தேவன் போரியாஸ், ஓரிதியா என்ற பெண்ணைத் தூக்கிச் சென்றதும் இந்தக் கரையிலிருந்துதான் என்பது கதை. படையெடுத்து வந்த பாரசீகக் கப்பல்களை உடைத்துத் தந்ததற்காக அந்தக் காற்றுக்கு இங்கே கோயில் எழுப்பினார்கள் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

20ஆம் நூற்றாண்டில் ஆற்றை மூடிச் சாலை போட்டாயிற்று. ஆற்றோரம் இருந்த கல்லிரோயி ஊற்றின் பெயர் இப்போது வண்டிகள் ஓடும் சாலைக்கு. ஒலிம்பிய சியூஸ் கோயிலுக்குத் தெற்கே, அகியா ஃபோட்டினி தேவாலயத்தின் அருகே கொஞ்சம் பாறைப் படுகை மட்டும் வெயில் பார்க்கிறது. அக்ரோபொலிஸ் குன்றின் மேலுள்ள பார்த்தெனான் கோயிலின் மேற்கு முகப்பில் இருந்த, இலிசோஸ் என்று கருதப்படும் ஆற்றுத் தேவனின் சிலையோ லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். 2014 டிசம்பரில் அதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை கடனாக அனுப்பினார்கள். சொந்த ஊருக்கு அல்ல.

சாலையைப் பெயர்த்து ஆற்றைத் திறவுங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. கேட்பது சிறியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உங்கள் முன்னோர் ஒரு சட்டம் செய்தார்கள்: ஹெராக்லிஸ் கோயிலுக்கு மேல்புறம் இலிசோஸில் தோல் ஊறப்போடக் கூடாது, பதனிடக் கூடாது, கழிவை ஆற்றில் கொட்டக் கூடாது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைக் கண்ட தமிழனுக்கு இதைப் படித்தால் பெருமூச்சுதான் வரும். அதைக் கல்லில் வெட்டி இருபுறமும் நட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

எஞ்சிய படுகையின் இரு கரையிலும் அதன் நகலை நட்டுவையுங்கள். கிரேக்கம் தெரியாதவர்களுக்காகக் கீழே ஒரு மொழிபெயர்ப்பும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்