வஜீர் சந்தையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் பிணக்குத் தீர்வுப் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்குப் பணம் தரும் கொடையாளர்களுக்கும்,

வணக்கம். ஆப்பிரிக்க அரசியலை ஆராய்ந்து, சமரசப் பணியைத் தொழிலாக்கிக்கொள்ள வரும் இளைஞர்களைத் தலைநகர ஓட்டலில் ஐந்து நாள் உட்காரவைத்துச் சான்றிதழோடு அனுப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. அந்த ஐந்து நாளில் விடுபட்டுப் போவதைப் பற்றித்தான் இந்த மடல்.

வடகிழக்குக் கென்யாவின் வஜீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் டெகோடியா, அஜுரான், ஒகாடேன் என்ற சோமாலிக் குலங்களுக்கிடையே கொலைகள் தொடர்ந்த ஊர். அங்கே சமாதான வேலை சந்தையில் தொடங்கியது. எந்தக் குலத்துப் பெண்ணும் விற்கலாம், வாங்கலாம் என்பதை அவ்வூர்ப் பெண் தெகா இப்ராஹிம் அப்தியும் மற்றப் பெண்களும் முதலில் நிலைநாட்டினார்கள்; அதைக் கண்காணிக்கச் சந்தைக்குள்ளேயே ஒரு குழு வைத்தார்கள். பிறகுதான் பெரியவர்களிடம் போனார்கள். அங்கும் சண்டையில் சேராத சிறு குலங்களின் பெரியவர்களை முன்னிறுத்தினார்கள். 1993இல் குலப் பெரியவர்களின் சமாதான உடன்பாடான அல் ஃபதா பிரகடனம் வந்தது. 1995இல் இந்த முயற்சியில் உருவான அமைதிக்குழு மாவட்ட நிர்வாகத்தின் அமைப்போடு இணைக்கப்பட்டது. இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது, ஒரு படியை மாற்றியிருந்தால் யார் எழுந்து போயிருப்பார்கள் என்று மாணவரைக் கேளுங்கள். அரை நாள் ஓடிவிடும். ஓடட்டும்.

அடுத்தது நட்ட ஈடு. சோமாலி வழக்கில் கொல்லப்பட்ட ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. கென்யாவின் 2010 அரசியல் சட்டமோ இருபாலரும் சமம் என்கிறது. இந்த முரணைப் பயிற்சி தொடாமல் விட்டால், களத்தில் முதல் கூட்டத்திலேயே மாணவர் வாயடைத்து நிற்பார். ஒட்டகங்களை யார் திரட்டுவது, எத்தனை தவணை, எந்த நாளுக்குள், தவறினால் யார் பொறுப்பு என்று எழுதாமல் விட்ட உடன்பாடு நிற்காது. தவணை தவறும் இடத்தில்தான் பழிவாங்கல் திரும்ப நுழைகிறது.

மேல்மட்டப் பேச்சுகளையும் இதே கண்ணோடு படிக்கச் சொல்லுங்கள். புருண்டியின் உள்நாட்டுப் போரை முடிப்பதற்கான அருஷா ஒப்பந்தம் 2000 ஆகஸ்ட் 28 அன்று கையெழுத்தானபோது, போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு முக்கிய ஆயுதக் குழுக்களும் அதில் இல்லை, போர்நிறுத்தமும் இல்லை. சண்டை தொடர்ந்தது. கையெழுத்துப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று தேடுவதுதான் ஆய்வாளரின் முதல் பழக்கமாக வேண்டும்.

நேர்காணலில் கெடுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில். ஒரு தரப்பைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் தன் தரப்பின் கடுஞ்சொல்லைத் தன்னை அறியாமலே மென்மையாக்கிவிடுவார். ஆகவே ஒலிப்பதிவை இன்னொரு தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து மறுபடி மொழிபெயர்க்கச் செய்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடப் பழக்குங்கள். குறிப்பேட்டில் பேசியவர் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறோர் இடத்தில், வேறொருவர் கையில் இருக்க வேண்டும். சோதனைச்சாவடியில் பை திறக்கப்பட்டால் மாட்டிக்கொள்வது ஆய்வாளர் அல்ல, பேசியவர். உள்ளூரில் இதையெல்லாம் செய்து கொடுப்பவரின் பெயர் அறிக்கையின் நன்றியுரையில் ஒதுங்கிக் கிடப்பது அநியாயம். அவர் விரும்பினால், ஆபத்தும் இல்லையென்றால், ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வகுப்பு மூன்று நாள் போதும். அதன்பின் மூன்று மாதம் ஓர் அமைதிக்குழுவோடு களத்தில், மூத்த மத்தியஸ்தர் ஒருவரின் கீழ். திரும்பி வந்து இரண்டு நாள், எது பிசகியது என்று பேச மட்டும். பாடம் சுவாஹிலியிலும் சோமாலியிலும் நடக்கட்டும். கொடையாளர்களே, ஓட்டல் செலவில் ஒரு பங்கை அமைதிக்குழுக்களின் எரிபொருளுக்கும் தொலைபேசிக்கும் ஒதுக்குங்கள். கொலைச் செய்தி வந்த அன்றே வண்டி கிளம்ப வேண்டும். நிதி ஒப்புதல் கடிதத்துக்காக அது ஒரு வாரம் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
களத்தில் பணியாற்றும் ஆய்வாளர்களும் பயிற்றுநர்களும்