டிரெய்லர் வாங்கப் போகும் நண்பனுக்கு

வெதர்ஃபோர்டு, டெக்சாஸ்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மகள் குதிரை வாங்கிவிட்டாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். குதிரைகளுக்குப் பேர்போன கென்டக்கியின் லெக்சிங்டனில் போய்க் குடியேறியவன் வீட்டில் இது என்றைக்காவது நடக்கத்தான் செய்யும். அதுவும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோப்ரெட்! குதிரைக் கணக்கில் ஒரு கை நான்கு அங்குலம்; பதினாறு கை இரண்டு அங்குலம் என்றால் தோள் உயரமே ஐந்தரை அடி. கம்பீரமாகத்தான் நிற்கிறான்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலியால் நான் சேணத்தில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். இப்போது பேத்திதான் சவாரி செய்கிறாள். தாத்தாவுக்கு ஓட்டுநர் உத்தியோகம். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. புறப்படும் நேரத்தை நான்தான் முடிவு செய்கிறேன்.

சரி, நீ வாங்க நினைக்கும் பழைய குதிரை டிரெய்லருக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட் புதிது, சக்கரமெல்லாம் மின்னுகிறது. நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

முதல் காரணம் உன் வண்டி. அது 5,000 பவுண்டு இழுக்கும் என்று எழுதியிருக்கிறாய். கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவன் நீ, இந்தக் கணக்கை நான் போட்டுத் தர வேண்டுமா? காலி டிரெய்லர் 3,000 பவுண்டு. உன் குதிரை 1,100. துணைக்கு வரும் தோழியின் குதிரை 1,000. வைக்கோல், சேணம், 20 கேலன் தண்ணீர் எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 5,400. புறப்படும் முன்பே வரம்பைத் தாண்டிவிட்டாய். அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச்சின், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியின், மேல் அழுத்தும். அது 540 பவுண்டுக்குக் குறையாது. உன் வண்டியின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் பார். ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது அதில் இருக்கிறது. ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

‘இழுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இழுக்கிறது’ என்று எழுதியிருந்தாய். இழுப்பது பெரிய விஷயமே இல்லை, செல்வம். நிறுத்துவதுதான் விஷயம். குளிர்காலத்தில் போட்டிகளுக்கு ஃப்ளோரிடாவின் ஒகாலா போக வேண்டும் என்கிறாள் உன் மகள். லெக்சிங்டனிலிருந்து கிட்டத்தட்ட 700 மைல். ஐ-75 நெடுஞ்சாலையில் டென்னசிக்குள் நுழைந்ததும் ஜெலிக்கோ மலை. அந்த இறக்கத்தில் முன்னால் போகும் லாரி திடீரென்று வேகம் குறைத்தால், பின்னாலிருக்கும் இரண்டரை டன் உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். அதுவும் உயிருள்ள சுமை, இடம் மாறி நிற்கும் சுமை. ஆகவே முதலில் இழுக்கும் வண்டியை மாற்று, பிறகு டிரெய்லர் பார். ‘அரை டன்’ என்று வகைப்பெயர் கொண்ட பிக்கப் ஒன்று (பெயர்தான் அப்படி, இழுப்பது அதைவிட மிக அதிகம்), இழுதிறனில் நாலில் ஒரு பங்காவது மிச்சம் வைக்கும்படி. வாங்கிய பிறகு, குதிரைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்திலுள்ள எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார். விற்பவர் சொல்லும் எடையைவிட அந்தச் சீட்டுத்தான் நம்பகமானது.

இரண்டாவது காரணம் உட்புறம். நீ பார்த்திருப்பது ஸ்லான்ட் லோடு, குதிரைகளைச் சாய்வாக நிறுத்தும் வகை. இங்கே டெக்சாஸில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். இந்த ஊர்க் குவார்ட்டர் குதிரைகள் குட்டை, அவற்றுக்குப் பொருந்துகிறது. உன் தரோப்ரெட்டை அதில் நிறுத்தினால் மூக்கு ஒரு சுவரிலும் பின்புறம் மறு சுவரிலும் இடிக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு: முதலில் ஏறிய குதிரைக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால், பின்னால் நிற்பதை இறக்கினால்தான் அதை வெளியே கொண்டுவர முடியும். நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த வேலை வேண்டாம். நேராக நிறுத்தும் வகையே உனக்குச் சரி. உள்ளே ஏழரை அடி உயரம், ஆறு அடிக்குக் குறையாத அகலம், முன்னால் ஆள் தப்பி வெளியேற ஒரு கதவு. நடுத் தடுப்பு தரைவரை வராமல் இருந்தால் நல்லது. வளைவில் குதிரை கால்களை அகட்டி ஊன்ற இடம் வேண்டும். இதை நான் சொல்லி நீ நம்ப வேண்டாம். பண்ணைக்குள்ளேயே, ஆள் நடக்கும் வேகத்தில், யாரையாவது காலி டிரெய்லரை இழுக்கச் சொல்லிவிட்டு நீ உள்ளே நின்று பார். கைப்பிடி இல்லாமல் நில். ஒரு பிரேக்கில் எல்லாம் புரிந்துவிடும்.

சரிவுப் பலகையா, படியா என்று கேட்டிருந்தாய். இரண்டும் பழக்கம்தான். பந்தயக் குதிரைகள் பெரிய வேன்களில் பலகை ஏறிப் பழகியவை, அதனால் உனக்குப் பலகை. மழையில் வழுக்காமல் மேலே ரப்பர் இருக்கட்டும்.

இப்போது பழைய டிரெய்லரைப் பார்க்கும் முறை. போகும்போது ஒரு ஸ்குரூடிரைவர், டார்ச், அழுக்கானால் பரவாயில்லை என்னும் சட்டை. உள்ளே போனதும் ரப்பர் விரிப்பைத் தூக்கு. கனமாக இருக்கும், விற்பவர் ‘எதற்கு வீண் சிரமம்’ என்பார். சிரமப்படு. குதிரையின் சிறுநீர் விரிப்புக்கு அடியில் தங்கி மரத்தை இற்றுப்போக வைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். பலகையின் ஓரங்களில், குறிப்பாகக் குதிரையின் பின்னங்கால் நிற்கும் இடத்தில், ஸ்குரூடிரைவரால் குத்திப் பார். நுனி வழுக்கினால் மரம் நன்றாக இருக்கிறது; மெதுவாக உள்ளே இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. பிறகு அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைப் பார். பெயின்ட்டை அங்கே யாரும் அடிப்பதில்லை, உண்மை அங்கேதான் இருக்கும். ஓடும் வண்டியில் பலகை உடைந்து குதிரையின் கால் சாலையில் தேய்ந்த கதைகளை இந்தப் பக்கத்து லாயங்களில் கேட்டிருக்கிறேன். விவரித்து உன் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண் வரிசை இருக்கும். கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மேல்பட்டை தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடு. இந்த டயர்கள் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெட்டுப்போகின்றன. பிறகு, டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்க ஒரு சிறு பேட்டரியும் கம்பியும் இருக்குமல்லவா? மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்தக் கம்பியை இழுத்து, வண்டியை மெல்ல நகர்த்திப் பார். டிரெய்லர் சக்கரங்கள் இறுகி நிற்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் பேட்டரி செத்துக் கிடக்கும். ஹிட்ச் உருண்டையின் அளவையும் பார்: 2 அங்குல உருண்டை 2 5/16 அங்குல கப்ளருக்குள்ளும் (உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் முனை) போய் உட்காரும், முதல் பள்ளத்தில் கழன்றும் போகும்.

மகளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். ஏற்றும்போது முதலில் பின்தடுப்புக் கம்பி, பிறகுதான் முகக் கயிறு. இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் கம்பி. மாற்றிச் செய்தால், கட்டுண்ட குதிரை பின்னால் நகர்ந்து, கயிறு இழுபட்டு மிரண்டுவிடும். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர் கதி அதோகதிதான். ஒற்றைக் குதிரை என்றால் இடப்பக்கத்தில் நிறுத்தச் சொல். சாலை வலப்பக்கமாகச் சரிந்திருக்கும், எடை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். வழியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்தவிட வேண்டும். தலையை உயர்த்தியே கட்டிவைத்தால் மூச்சுக்குழலில் சேரும் தூசியும் கிருமியும் வெளியேறாமல் நுரையீரலில் இறங்கிவிடும். மாநில எல்லை தாண்டுவதால் காகின்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

உன் ஊர்ப் பக்கம் நேராக நிறுத்தும் வகையில் ஏதாவது கண்ணில் பட்டால், பளபளப்பான படம் வேண்டாம். விரிப்பைத் தூக்கிய தரையையும் அடிச்சட்டத்தையும் எடுத்து அனுப்பு. விலையையும் எழுது, பேரம் பேசுவது எப்படி என்று என் மனைவி சொல்வாள். அவள் உன் வீட்டம்மாவுக்கு மாவடு ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததா?

அன்புடன்,
ரவி