ஒருவருக்கு ஒரே லாகின் போதாது: துறையின் கணினி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். துறையின் லினக்ஸ் சர்வரில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரே லாகின் (உள்நுழைவு) என்று சென்ற மாதம் வரம்பு வைத்தீர்கள். சர்வர் திணறுகிறது, கடவுச்சொல் கைமாறுகிறது என்று சுற்றறிக்கையில் காரணம் சொல்லியிருந்தீர்கள். இரண்டும் உண்மைதான், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வரம்பு அந்த இரண்டையும் தீர்க்கவில்லை. ஒழுங்காக வேலை செய்பவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

சென்ற வியாழன் இரவு பதினொரு மணிக்கு விடுதியில் மின்சாரம் போனது. கூடவே வைஃபையும். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. மீண்டும் நுழையப் பார்த்தேன். ‘டூ மெனி லாகின்ஸ்’ (லாகின்கள் அளவுக்கு மேல்) என்று ஒரு வரி வந்து இணைப்பு அறுந்தது. உள்ளே இடத்தைப் பிடித்திருந்தது என்னுடைய பழைய இணைப்புதான். நான் போய்விட்டது சர்வருக்குத் தெரியாது. பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பைச் சோதிக்க லினக்ஸ் வழக்கமாக 7,200 வினாடி காத்திருக்கும். பிறகு 75 வினாடிக்கு ஒரு முறை, 9 தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். ஆக இரண்டு மணி பதினொரு நிமிடம். அதை நானே முடித்துவைக்கலாம் என்றால் அதற்கும் உள்ளே நுழைய வேண்டுமே! காலை ஒன்பது மணிக்கு வழிகாட்டியிடம் அத்தியாயம் கொடுக்க வேண்டிய நான் ஒன்றேகால் மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இணைப்பு அறுந்தாலும் வேலையைச் சர்வரில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் நிரலைப் பழகிக்கொள் என்றார் ஒரு நண்பர். பழகியிருக்கிறேன். அறுந்த இடத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ள அதற்கும் ஒரு லாகின் தேவை.

சர்வரைத் திணறவைப்பது லாகின்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவர் ஒரே முறை நுழைந்து, வெளியேறிய பிறகும் நிரலை ஓடவைக்கும் நோஹப் கட்டளையில் நாற்பது நிரல்களை ஓடவிட்டு வெளியேறிவிடலாம். அவர் பெயரில் ஒரு லாகினும் இருக்காது, நினைவகம் முழுவதும் அவர் வசம் இருக்கும். ஒரு சாளரத்தில் நிரல் எழுதி இன்னொன்றில் ஓட்டிப் பார்க்கும் முதலாண்டு மாணவிக்கோ அனுமதி இல்லை. உள்ளே இருந்தபடி கோப்பு அனுப்பும் எஸ்சிபி கட்டளை வழியாக என் கணினியிலிருந்து ஒரு கோப்பை அனுப்பினால் அதுவும் மறுக்கப்படுகிறது. நிர்வாகிகளின் ரூட் கணக்குக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதால் இந்தச் சிரமம் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

பயனர் வரம்புகளை எழுதிவைக்கும் லிமிட்ஸ் கோப்பில், லாகின் எண்ணிக்கையைக் குறிக்கும் மேக்ஸ்லாகின்ஸ் 1 என்று இருப்பதை 4 ஆக்குங்கள். அந்த வரியில் பயனர் குழுவின் பெயருக்கு முன் @ குறி இருக்கட்டும். அப்போதுதான் 4 என்பது ஒவ்வொருவருக்கும் உரியது. தவறி % போட்டால் குழு முழுவதற்குமே நான்கு இடம்தான், ஐந்தாவது ஆள் வாசலில் நிற்பார். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் அமைப்பில் கிளையண்ட்அலைவ்இன்டர்வல் (எத்தனை வினாடிக்கு ஒரு முறை சோதிப்பது) 60, கிளையண்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ் (பதிலில்லாமல் எத்தனை தடவை பொறுப்பது) 3 என்று வைத்தால் செத்த இணைப்பு மூன்று நிமிடத்தில் விலகிவிடும். சுமைக்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒவ்வொரு பயனரின் ஸ்லைசுக்கும் (அவருடைய நிரல்கள் அனைத்தும் அடங்கிய தொகுப்புக்கும்) நினைவக உச்சவரம்பு வையுங்கள். நாற்பது நிரல் ஓட்டுபவரை அதுதான் பிடிக்கும். கடவுச்சொல் பகிர்வை, யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் என்று காட்டும் லாஸ்ட் கட்டளையின் பதிவுகளைப் பார்த்து, உரியவரைக் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கலாம்.

செய்முறைத் தேர்வு அடுத்த திங்களன்று தொடங்குகிறது. அந்த 4-ஐ மட்டுமாவது அதற்கு முன் மாற்றிவிடுங்கள். சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. கோப்பைச் சேமித்தால் அடுத்த லாகினிலேயே நடைமுறைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருத்தி